வழிகாட்டியின் துப்பாக்கி

எங்கள் கிளையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அவ்வப்போது பணப் பெட்டி போகும். கூடப் போகிறவர்களில் நானும் ஒருவன். பின்னால் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு குமாஸ்தாக்கள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், முழங்கால்களுக்கு நடுவே இரட்டைக் குழல் துப்பாக்கியை நிறுத்திப் பிடித்தபடி காவலர். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பாம்பன் பாலத்தில் ஏறியதும் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளும். அப்போது அவர் குழலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

சென்ற தடவை என் மடியில் ஜிம் கார்பெட் இருந்தது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார் புஸ்தகம்?"

"புலி வேட்டை."

"சுட்டவரு பேரு அட்டையில இருக்கு. வழி காட்டிக் கூட்டிட்டுப் போனவன் பேரு உள்ள இருக்கா?"

இருக்கிறது என்றேன். சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை என்பதுதான் சரியான பதில். ஆனால் அவர் கேட்டது தகவல் அல்ல என்று தங்கச்சிமடம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக வேட்டை இலக்கியம் படிக்கிறவன் நான். பி.ஏ.யில் ஆங்கிலம் எடுத்ததற்கே கார்பெட் ஒரு காரணம். தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்' வழியாகத்தான் அவரிடம் போனேன். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. படிக்கும்போதெல்லாம் துப்பாக்கி என் கையில்தான் இருந்திருக்கிறது. முன்னால் தடம் பார்த்துக்கொண்டு போகிறவனாக நான் என்னைக் கற்பித்துக்கொண்டதே இல்லை.

இதில் எனக்குக் கூடுதலான வெட்கம் ஒன்று உண்டு. என் அம்மாவைப் பெற்ற தாத்தா, இந்த ஜில்லாவின் கண்மாய்களில் பறவை சுட வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறைந்து, தாராக்கள் வந்து இறங்கியதும் அவருக்கு வேலை தொடங்கிவிடும். விருந்தாளிகளை விடிவதற்கு முன் அழைத்துப் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார வைப்பார். பிறகு மறுகரையில் தண்ணீருக்குள் இறங்கிப் பறவைகளைக் கிளப்புவார். விழுந்தவற்றை நீந்திப் போய் எடுத்து வருவதும் அவரே. அவர் கையில் துப்பாக்கி இருந்ததில்லை. ஆனால் துப்பாக்கி அவர் உடம்பில் இருந்தது. வலது தோளில் மூன்று ரவைகள் தோலுக்கு அடியில் தங்கிவிட்டிருந்தன. சின்ன வயதில் எங்களை உருட்டிப் பார்க்கச் சொல்லுவார். "யார் தாத்தா சுட்டது?" என்று கேட்டால், "தாரா தாழப் பறந்துச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். வேட்டை இலக்கியத்தில் துப்பாக்கி ஒரு கருவி மட்டுமல்ல. கதையை யார் சொல்வது என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. சுட்டவன் எழுதுகிறான். வழி சொன்னவன், அடிபட்டால்கூட, பறவை தாழப் பறந்தது என்கிறான்.

முதலில் கார்பெட்டுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவரைச் சாகசக் கதைக்காரர் என்று ஒதுக்குவது நம் தீவிர வாசகர்களிடம் உள்ள ஒரு சோம்பேறித்தனம். அவர் எழுத்தில் துப்பாக்கி வெடிக்கும் கணம் சொற்பம். சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை அவர் 1907இல் சுட்டார். ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. 1926 மே மாதம் ஒரு மாமரத்தின் மேலிருந்து அவர் சுட்ட ஒரே குண்டில் அது முடிந்தது. ஆனால் அந்தப் புத்தகம் முழுக்க இருப்பது காத்திருத்தல். பாலத்தின் கோபுரத்தில் இருபது இரவுகள் காற்றில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிறுத்தை வரவில்லை. தடம், பறவையின் எச்சரிக்கைக் குரல், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுவிடும் ஒரு கிராமம், பயம் - இவைதாம் அதன் உள்ளடக்கம். தன் பயத்தை மறைக்காத வேட்டைக்காரர் அவர். கடைசியில் செத்துக் கிடக்கும் விலங்கைப் பார்த்து, அது செய்த குற்றம் மனிதச் சட்டத்துக்கு எதிரானது, இயற்கையின் சட்டத்துக்கு எதிரானதல்ல என்ற தொனியில் அவர் எழுதும் இடம், வெற்றிப் பெருமிதத்தை அப்படியே கீழே வைத்துவிடுகிறது. 'என் இந்தியா'வை (1952) அவர் இந்நாட்டின் ஏழைகளுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். கூட வந்தவர்களின் பெயர்களைச் சொல்வதிலும் மற்றவர்களைவிட அவர் தாராளம்.

இருந்தும், கார்பெட்டிலேயே என் தாத்தாவுக்கு நேராக வந்து முட்டும் ஒரு கருத்து உண்டு. ஆட்கொல்லியைத் தேடும்போது தனியாகப் போவதையே விரும்புவதாக அவர் சொல்கிறார். துணைக்கு வருகிறவனிடம் ஆயுதம் இல்லையென்றால் அவனைக் காப்பது கஷ்டம். ஆயுதம் இருந்தாலோ, அவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். ஹாஸ்யமாகச் சொல்லப்பட்டது போல இருந்தாலும், வேட்டைத் தொழிலைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிட ஆழமான ஒன்றை நான் படித்ததில்லை. காட்டில் துப்பாக்கி எதிரே இருக்கும் விலங்கோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் அது ஒரு திசை. கார்பெட்டுக்கு இது தெரிந்திருந்தது. தீர்வாகத் தனிமையைத் தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வு அவருக்குச் சாத்தியம். கூலிக்கு வந்தவனுக்கு அது இல்லை.

கார்பெட்டே வழிகாட்டியாக ஆன ஒரு இரவும் இருக்கிறது. 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யாவில் குடியேறியவர், 1952 பிப்ரவரி 5ஆம் தேதி இளவரசி எலிசபெத்தையும் அவர் கணவரையும் ட்ரீடாப்ஸ் என்ற மரவீட்டு விடுதியில் யானைகள் பார்க்க அழைத்துப் போனார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் இறந்தார். இளவரசி மரத்தின் மேல் அரசியானார். எழுபத்தாறு வயதுக் கார்பெட் ஏணியின் தலைப்பில் துப்பாக்கியோடு விழித்திருந்து காவல் காத்தார். ஒன்றும் ஏறி வரவில்லை. ஒரு குண்டும் செலவாகவில்லை. தொழில்முறை வழிகாட்டியின் துப்பாக்கிக்கு உள்ள முழு அர்த்தமும் அந்த ஏணித் தலைப்பில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வேட்டைக்காரனின் துப்பாக்கி வெடித்தால் வெற்றி. வழிகாட்டியின் துப்பாக்கி வெடித்தால், அதற்கு முன்பே எங்கோ வழிகாட்டுதல் தவறிவிட்டது என்று பொருள்.

இந்த இரவுக் காவலைப் படித்தபோது, ராமேஸ்வரத்துக்காரனான எனக்குக் கம்பனின் குகன் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? நாம் குகனை நட்புக்கும் பக்திக்கும் உதாரணமாக்கி மேடையில் தேய்த்துவிட்டோம். கம்பனில் அவன் முதலில் ஒரு தொழில்காரன். ராமனோடு வர அனுமதி கேட்கும் இடத்தில் அவன் தன் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறான். வழி தெரியும், வழியைச் செப்பனிடவும் தெரியும், காயும் கனியும் தேனும் கொண்டு வருவேன், தங்குமிடம் அமைப்பேன், தீய விலங்குகளை அப்புறப்படுத்தி, தூய உயிர்கள் வாழும் காடாகத் தேடி அழைத்துப் போவேன், இருட்டிலும் நடப்பேன். இன்று எந்தச் சரணாலயத்திலும் ஒரு வழிகாட்டியிடம் இதைவிட அதிகமாக எதையும் எதிர்பார்க்க முடியாது. இந்தப் பட்டியலில் ஆயுதத்துக்கு உரிய இடம் எவ்வளவு என்று பாருங்கள். வழி முதலில்; உணவு, உறைவிடம்; அதற்கு அப்புறம்தான் விலங்கை அகற்றுவது. தொழில் தெரிந்தவனின் வரிசை அது.

அன்று இரவு ராமன் தூங்க, இலக்குவன் வில்லோடு காவல் நிற்கிறான். குகனும் வில்லோடு விடியும்வரை நிற்கிறான். வைணவ வியாக்கியானகாரர்கள் இந்த இடத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். குகன் மேல் இலக்குவனுக்குச் சந்தேகம். இலக்குவன் மேல் குகனுக்குச் சந்தேகம். இருவர் மேலும் குகனின் ஆட்களுக்குச் சந்தேகம். எல்லோரும் வில்லை ஏந்திக்கொண்டு ராமனை ஒருவரிடமிருந்து ஒருவர் காத்தார்களாம். பக்தியின் அதீதத்தைக் காட்டச் சொன்னது இது. ஆனால் ஆயுதம் என்ற வஸ்துவின் குணத்தைப் பற்றி இதைவிடச் சூக்ஷ்மமான பார்வை எங்கே கிடைக்கும்? கார்பெட் தன் அனுபவத்தில் கண்டதை இவர்கள் வேறு ஒரு வாசலால் போய்க் கண்டிருக்கிறார்கள்.

அடுத்தது சேக்கிழார். கண்ணப்பர் கதையை வேட்டைக் கதையாகப் படித்துப் பார்க்கச் சொல்லி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். திண்ணனோடு பன்றியைத் துரத்தி ஓடுகிறவர்கள் இரண்டு பேர்: நாணன், காடன். அந்தப் பிரதேசத்தைத் தெரிந்தவன் நாணன். மலை எது, ஆறு எது, மேலே யார் இருக்கிறார் என்று சொல்பவன் அவன். முன்பு திண்ணனின் தகப்பனோடு வந்தபோது ஒரு பிராமணர் அங்கே நீர் வார்த்து இலை இட்டதைப் பார்த்திருக்கிறேன் என்று பூஜை முறையைக்கூட அவன்தான் சொல்லித் தருகிறான். நாணன் இல்லாவிட்டால் திண்ணன் கண்ணப்பன் ஆவதற்கு வழியே இல்லை. ஆனால் திண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து நாணனும் காடனும் ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். அத்தோடு அவர்கள் கதை சரி. வழி சொன்னவன் கழன்றுகொள்ள, வழி கேட்டவன் நாயனாராகிறான். நம் வங்கிக் காவலரின் கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடைகளில் ஒன்று இது: பெயர் இருக்கிறது, அந்த ஒரு மலை ஏற்றம் வரைக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் சேக்கிழாரில் கவனிக்க வேண்டும். திண்ணனும் வில்லோடு இரவு முழுக்க விழித்திருந்து, காட்டு விலங்குகளிடமிருந்து தெய்வத்தைக் காக்கிறான். கடைசி நாளில் கண்ணிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்ததும் அவன் செய்யும் முதல் காரியம், வில்லை எடுத்துக்கொண்டு, இதைச் செய்தது யார், மனிதனா விலங்கா என்று சுற்றிலும் தேடுவது. ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் பச்சிலை. அதற்கும் அப்புறம்தான் கண். கையில் ஆயுதம் உள்ளவனுக்கு எந்த ஆபத்தும் முதலில் ஓர் எதிரியாகத்தான் தெரியும் என்பதைச் சேக்கிழார் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எதிரி இல்லாத ஆபத்தின் முன் வில்லுக்கு வேலை இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பெங்களூரில் இருந்தவர். 1954இல் வெளிவந்த முதல் புத்தகத்திலிருந்து அவர் எழுதியவற்றில் பெரும் பகுதி தமிழ்நாட்டுக் காடு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர், சின்னாறு - இந்த ஊர்ப் பெயர்கள் உலகத்தின் எங்கெங்கோ உள்ள ஆங்கில வாசகனுக்குத் தெரியும். தமிழ் வாசகனுக்கு இவை பஸ் போர்டில் உள்ள பெயர்கள். அந்தக் காட்டில் ஆண்டர்சனுக்குத் துணையாக வருகிறவர்களில் முக்கியமானவன் பைரா என்ற பூசாரி. பூசாரி என்பது அவனுடைய குடியின் பெயர். ஆண்டர்சன் அவனைப் பற்றிப் பல இடங்களில் பிரியத்தோடு எழுதுகிறார். அந்தப் பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேலைப் பிரிவினையைப் பாருங்கள். தடத்தைப் படிப்பவன் பைரா; .405 வின்செஸ்டரைத் தோளில் வைப்பவர் ஆண்டர்சன். புத்தகம் எழுதுகிறவரும் ஆண்டர்சன்.

இதை ஏதோ திறமையின் இயல்பான பங்கீடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியனுக்கும் ஆங்கிலோ இந்தியனுக்கும் விலக்கு அளித்தது. காட்டைத் தெரிந்தவன் துப்பாக்கி எடுத்தால் திருட்டு வேட்டைக்காரன். காட்டைத் தெரியாதவன் எடுத்தால் ஷிகாரி. வேட்டை இலக்கியத்தின் கதை சொல்லும் உத்தி - தனி வீரன், பின்னால் பெயர் மங்கிய துணைவன் - எந்தக் கலைஞனின் கற்பனையிலும் பிறந்ததல்ல. கலெக்டர் ஆபீஸ் லெட்ஜரில் பிறந்தது. லெட்ஜரோடு தினமும் புழங்குகிற எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் 1950, 60களில் வெளிநாட்டு வேட்டைக்காரர்களை அழைத்துப் போவதற்கென்றே கம்பெனிகள் நடந்தன. 1970இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது; 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். துப்பாக்கி போயிற்று. ஆனால் துப்பாக்கி போனதும் பேனா பைராவின் கைக்கு வந்ததா என்றால், இல்லை. அது காமிராக்காரரின் கைக்குப் போயிற்று.

துப்பாக்கி இல்லாமல் ஆபத்தான இடத்துக்கு மனிதர்களை அழைத்துப் போகும் தொழில் நடந்ததே இல்லையா என்று கேட்கலாம். எங்கள் கடலிலேயே நடந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் கடல் கட்டி என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் மந்திரம் சொல்லிக் கரையில் நிற்காவிட்டால் ஒரு குளியாள்கூடத் தண்ணீரில் இறங்க மாட்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலி என்கிறார். வெள்ளைக்கார அரசாங்கமே இவர்களை அமர்த்திக் கூலி கொடுத்த காலமும் உண்டு. இலங்கையில் பெரிய பதவியிலிருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். அவர் போயிருந்தபோது கடல் கட்டிக்கு உடம்பு சரியில்லை. அந்தக் குடும்பத்தின் தலைவர் அப்போது கத்தோலிக்கர் என்பது வேறு விஷயம். தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள் டென்னன்டிடம், மந்திரம் தனக்குத் தெரியாது, ஆனால் பெரியவரின் பிரதிநிதியாகத் தான் வந்து நிற்பதே சுறாக்களுக்குப் போதும், அவை மரியாதை காட்டும் என்றாராம்.

டென்னன்ட் இதைச் சிரிப்போடு எழுதுகிறார். நானும் சிரித்தேன். பிறகு எங்கள் காவலரின் முழங்கால்களுக்கு நடுவே உள்ள துப்பாக்கி ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வேனில் அது பெரியவரின் பிரதிநிதி அல்லாமல் வேறென்ன?

மந்திரமும் துப்பாக்கியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது விமர்சனம் அல்ல, சாமர்த்தியம். துப்பாக்கி சுடும், மந்திரம் சுடாது. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் வனத்தில் 1978இலிருந்து நடக்கும் கால்நடைப் பயணங்களில் இரண்டு துப்பாக்கிக்காரர்கள் கூட வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அங்கே எருமையும் யானையும் சிங்கமும் நிஜம். வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டில் ஊர் எல்லையைத் தாண்டுகிறவன் துருவக் கரடியை விரட்டுவதற்கான சாதனம் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். கவனியுங்கள்: சட்டம் முதலில் கேட்பது விரட்டும் சாதனத்தை. வெளிச்சக் குண்டு, சத்தக் குண்டு. கொல்லும் துப்பாக்கி கடைசிக்கு. கரடியைக் கொன்றால் அதற்கு விசாரணை உண்டு. சங்கப் பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்ணின் கையிலும் தட்டையும் கவணும்தான் இருக்கின்றன. பரண் மேலிருந்து சத்தம் எழுப்பி விரட்டுவது அவள் வேலை. கொல்லும் கருவிக்கும் விரட்டும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்வால்பார்டின் சட்டமும் குறிஞ்சித் திணையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கின்றன.

மேலும் ஒரு கணக்கு. அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை கரடியும் துப்பாக்கிக்காரனும் எதிர்ப்பட்ட 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அது கண்டது. துப்பாக்கி பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. சுடுகிற அந்த ஒரு கணத்துக்கு முன்னால் நடந்தவைதாம் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். காற்று எந்தப் பக்கம், புதருக்கு எவ்வளவு தூரம், கூட வந்தவர்கள் பேசிக்கொண்டு வருகிறார்களா இல்லையா, எப்போது திரும்பிவிட வேண்டும். இவற்றுக்குப் பெயர் வழிகாட்டுதல். அந்த ஞானம் இல்லாதவன் கையில் துப்பாக்கி ஒரு தைரியம் மட்டும்தான். அந்தத் தைரியம் அவனைப் புதருக்கு இன்னும் பத்தடி கிட்டே கொண்டுபோகும்.

குமுளிக்கு மேலே பெரியாற்றுக் காட்டில் 1990களில் ஒரு காரியம் செய்தார்கள். வயணாப் பட்டை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களையும் திருட்டு வேட்டைக்காரர்களையும் கூப்பிட்டு, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். அந்தக் காட்டு நடையில் முன்னால் போவது இவர்கள். கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர். ஒரு காலத்தில் இவர்களைத் தேடி வந்த அதே துப்பாக்கி இப்போது இவர்கள் பின்னால் நடக்கிறது. இந்த ஒரு காட்சியில் ஒரு நாவலுக்கு வேண்டியது முழுவதும் இருக்கிறது. யாருக்கு யார் காவல்? வியாக்கியானகாரர்கள் இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஒரு சிற்றிதழில் எழுதக் காரணம் இலக்கியம்தான், வேட்டை அல்ல. நம் உரைநடையில் காடு இருக்கிறதா? சா. கந்தசாமியின் 'சாயாவனம்' இருக்கிறது. அதில் வனம் அழிக்கப்படுகிறது, நெருப்பாலும் அரிவாளாலும். துப்பாக்கி இல்லாமலே அந்தப் புத்தகம் வன்முறையை எவ்வளவு அமைதியாகக் காட்டிவிடுகிறது! ஆனால் அதன் மையத்தில் நிற்பவன் காட்டை அழிக்க வந்தவன். காட்டைத் தெரிந்தவனின் மொழி, தடத்தைப் படிக்கிறவனின் இலக்கணம் நம் வசனத்துக்குள் போதிய அளவு வரவில்லை. மொழிபெயர்ப்பில் கார்பெட்டையும் ஆண்டர்சனையும் கொண்டாடுகிறோம்; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் வாக்கியங்களோடு அவர்கள் நின்ற இடத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிடுகிறோம். தமிழ் வாசகன் பென்னாகரத்துக் காட்டை ஆண்டர்சனின் குழல் வழியாகப் பார்க்கிறான். அதே காட்டை அங்கே பிறந்தவன் எந்தச் சொற்களால் பார்க்கிறான் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கிறவர்களும் மானுடவியல் படிவத்தை நீட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனேன். 1986இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் ஒன்று. படகை ஓட்டியவர் பாம்பன்காரர், மீனவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே பாரா, மணலா, கடல் புல்லா என்று சொல்லிக்கொண்டு வந்தார். புல் இருக்கும் இடத்தில் ஆவுளியா மேயும் என்றார். அவர் கையில் ஆயுதம் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் இந்தக் கடலில் துப்பாக்கி இல்லை என்று சொல்ல முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் தண்ணீரில் ஒரு கோடு போட்டன. 1980களிலிருந்து அந்தக் கோட்டருகே எங்கள் மீனவர்கள் குண்டடி பட்டுச் செத்திருக்கிறார்கள். அங்கே துப்பாக்கி வழி காட்டுவதில்லை. வழி இத்தோடு முடிந்தது என்று சொல்கிறது. படகுக்காரரிடம் அந்தக் கோடு எங்கே என்று கேட்டேன். கையால் காட்டினார். நீரின் நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. "இதத்தான் சார் எங்களால பாத்துச் சொல்ல முடியாது" என்றார். நாற்பது வருஷம் கடலைப் படித்தவர் அவர்.

அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். ஒரு வழிகாட்டி சொன்னதை நான் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை.

தாத்தா விஷயத்தில் அதைச் செய்யவில்லை. அவர் இறந்து பல வருஷமாகிறது. எந்தக் கண்மாயில் எந்த மாதத்தில் எந்தக் கரையில் தாரா இறங்கும், தண்ணீர் அசையாமல் எப்படி இறங்குவது, எந்தப் பறவை முதலில் எழுந்தால் மற்றதெல்லாம் எழும் - இவை அவருக்குத் தெரிந்திருந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சரணாலயங்களாகிவிட்ட இந்தக் காலத்தில் அந்த அறிவுக்கு மரியாதையான உபயோகம்கூட இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி, யார் சுட்டது என்று. துப்பாக்கிக்காரன் கேட்கக்கூடிய கேள்வி அது.

காவலரிடம் அடுத்த தடவை இதைச் சொல்ல வேண்டும். வழிகாட்டி ஒருவரின் பேரன் நான். அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, தோளில் ரவை மூன்று என்பது மட்டும்தான்.